டூபாக் ஷகூர்: சிறுத்தைகளின் வீட்டுப் பிள்ளை

டூபாக் ஷகூரின் முகம் நம் இளைஞர்களுக்குப் புதிதல்ல. நெற்றியில் முடிச்சிட்ட துணியும் வயிற்றில் பச்சை குத்திய எழுத்துகளுமாக அந்தப் படம் பனியன்களிலும் கைப்பேசித் திரைகளிலும் வலம் வருகிறது. கோடிக்கணக்கில் விற்ற பாடகர், சிறைக்குப் போனவர், 25 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டவர் என்ற அளவில்தான் பலருக்கும் அவரைத் தெரியும். இசைச் சந்தை சொல்லும் கதை, முதல் இசைத்தொகுப்பு வெளியான 1991இல் தொடங்குகிறது. நாம் 1969இலிருந்து தொடங்குவோம். அந்த ஆண்டில் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் டூபாக்கின் கோபத்தையும் புரிந்துகொள்ள முடியாது, அவருடைய வீழ்ச்சியையும் புரிந்துகொள்ள முடியாது.

தாயின் வழக்கு

1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஹூயி நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். கறுப்பின மக்கள் வாழும் தெருக்களில் காவல்துறை நடத்திய வன்முறையை ஆயுதத்தோடு நின்று கண்காணித்தார்கள். 1969இலிருந்து, பள்ளிக்குப் போகும் ஏழைக் குழந்தைகளுக்குக் காலை உணவு கொடுத்தார்கள். இலவச மருத்துவ முகாம்கள் நடத்தினார்கள். அமெரிக்க அரசு துப்பாக்கியைப் பார்த்து எவ்வளவு அஞ்சியதோ அதே அளவுக்குக் காலை உணவைப் பார்த்தும் அஞ்சியது. எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர் இந்தக் கட்சியை நாட்டின் உள்பாதுகாப்புக்கே பெரிய ஆபத்தாக அறிவித்தார். உளவாளிகளை உள்ளே நுழைப்பது, பொய்க் கடிதங்கள் எழுதித் தலைவர்களை ஒருவருக்கொருவர் மோதவிடுவது, வழக்கு மேல் வழக்குப் போட்டு நிதியையும் ஆட்களையும் முடக்குவது என்று திட்டமிட்டு அந்த இயக்கத்தைச் சிதைத்தார்கள். 1969 டிசம்பர் 4 அன்று சிகாகோவில் 21 வயதே ஆன பிரெட் ஹாம்ப்டன் தன் படுக்கையிலேயே காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தவர் கட்சிக்குள் இருந்த உளவாளி.

அதே ஆண்டு ஏப்ரல் 2 அன்று நியூயார்க்கில் சிறுத்தைகள் 21 பேர் மீது, கடைகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் குண்டு வைக்கச் சதி செய்ததாக வழக்குப் போடப்பட்டது. அவர்களில் ஒருவர் 22 வயது அஃபெனி ஷகூர். வட கரோலினாவில் பிறந்து, சிறு வயதில் தாயோடு நியூயார்க்குக்கு வந்தவர். ஆளுக்கு 1,00,000 டாலர் பிணைத்தொகை கேட்டார்கள். வழக்கறிஞர் வேண்டாம், என் வழக்கை நானே வாதாடுகிறேன் என்று அஃபெனி முடிவெடுத்தார். சட்டம் படிக்காதவர், கர்ப்பிணி. பிணை ரத்தாகி மீண்டும் சிறைக்குள் தள்ளப்பட்டபோது, வயிற்றுப் பிள்ளைக்காக நாளொன்றுக்கு ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் பெறுவதற்கே நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. அந்த நிலையில்தான், கட்சிக்குள் தோழனாக நடித்த உளவுக் காவலரைக் கூண்டில் நிறுத்தி அவர் குறுக்கு விசாரணை செய்தார்.

1971 மே மாதம் தீர்ப்பு வந்தது. விசாரணை முடியும்வரை கூண்டில் நின்ற 13 பேரும் 156 குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டார்கள். ஒரு மாதம் கழித்து, ஜூன் 16 அன்று, அஃபெனிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அடுத்த ஆண்டு அந்தக் குழந்தைக்கு டூபாக் அமரு என்று பெயர் வைத்தார். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்து 1781இல் கொல்லப்பட்ட பெரு நாட்டுப் பழங்குடித் தலைவர் இரண்டாம் டூபாக் அமருவின் பெயர் அது. பெயர் சூட்டுவது அரசியல் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் பிள்ளைக்குப் பீமராவ் என்று பெயர் வைக்கும் ஒரு தாயின் மனசுதான் அஃபெனிக்கும் இருந்தது.

இயக்கம் போன பிறகு

வழக்கில் அஃபெனி வென்றார். ஆனால் இரண்டு ஆண்டுகளை வழக்கிலும் சிறையிலும் இழந்த நியூயார்க் கிளை மீளவில்லை. 1971இல் கட்சியும் இரண்டாகப் பிளந்தது. டூபாக் வளர்ந்த வீட்டில் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். ஞானத்தந்தை ஜெரோனிமோ பிராட், செய்யாத கொலைக்காக 27 ஆண்டுகள் சிறையில் கிடந்து 1997இல்தான் விடுதலையானார். குடும்பத்துக்கு நெருக்கமான அசாட்டா ஷகூர் 1979இல் சிறையிலிருந்து தப்பிக் கியூபாவில் தஞ்சமடைந்தார். மாற்றுத்தந்தை முட்டுலு ஷகூர், போதைக்கு அடிமையானவர்களுக்கு அக்குபங்சர் மருத்துவம் பார்த்தவர். எஃப்.பி.ஐ.யின் தேடப்படுவோர் பட்டியலில் இடம்பெற்று 1986இல் கைதானார், 1988இல் 60 ஆண்டுத் தண்டனை பெற்றார்.

வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் பையனைக் கலைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார் அஃபெனி. 1984இல் ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில், ஜெஸ்ஸி ஜாக்சனின் அதிபர் தேர்தல் நிதிக்காக நடந்த நாடகத்தில் டூபாக் சிறுவனாக நடித்தார். பிறகு பால்டிமோர் கலைப்பள்ளியில் நடிப்பும் கவிதையும் ஜாஸும் பாலே நடனமும் படித்தார். இன்று ரவுடியாக மட்டும் காட்டப்படும் மனிதர், அந்தப் பள்ளியில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தவர்.

1988இல் குடும்பம் கலிபோர்னியாவின் மரின் சிட்டிக்கு இடம் பெயர்ந்தது. அந்த ஆண்டுகளில் கிராக் என்னும் கொக்கைன் போதைப்பொருள் கறுப்பினக் குடியிருப்புகளைச் சூறையாடிக்கொண்டிருந்தது. 156 குற்றச்சாட்டுகளை எதிர்த்து நின்ற அஃபெனியும் அதில் வீழ்ந்தார். ஒரு போராளியை அரசு சிறையில் வைத்து உடைக்க முடியாமல் போகலாம். அவர் வெளியே வந்து நிற்கும்போது தோழர்களும் இல்லை, வேலையும் இல்லை, அமைப்பும் இல்லை என்றால் அவரைத் தெருவே உடைத்துவிடும். நம் இயக்கங்களின் முதல் தலைமுறையில் இப்படி உடைந்துபோன பெரியவர்களை நாமும் அறிவோம்.

பாட்டுக்குள் வந்த செய்திகள்

1991இல் டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட் குழுவில் மேடை ஆளாகவும் நடனக்காரராகவும் இருந்து பாடகரானார் டூபாக். அந்த ஆண்டு நவம்பரில் முதல் தொகுப்பு '2பேகலிப்ஸ் நவ்' வெளிவந்தது. அதிலுள்ள 'பிரெண்டாஸ் காட் எ பேபி' பாடலுக்கு மூலம் நாளிதழில் வந்த ஒரு சிறு செய்தி. 12 வயதுச் சிறுமி ஒருத்தி உறவினனால் கர்ப்பமாகி, பெற்ற குழந்தையைக் குப்பையில் போட்ட செய்தி அது. ஊர் அந்தச் சிறுமியை வசைபாடியது. அவளை அந்த இடத்துக்குத் தள்ளிய குடும்பத்தையும் வறுமையையும் கேள்வி கேட்டது டூபாக்கின் பாட்டு. 1993இல் வந்த 'கீப் யா ஹெட் அப்' பாடலை லடாஷா ஹார்லின்ஸுக்குக் காணிக்கையாக்கினார். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பழச்சாறு பாட்டிலைத் திருடியதாகச் சந்தேகித்த கடைக்காரரால் 1991இல் சுட்டுக் கொல்லப்பட்ட 15 வயதுச் சிறுமி அவர். கொன்றவருக்கு நீதிமன்றம் ஒரு நாள்கூடச் சிறைத்தண்டனை தரவில்லை. 500 டாலர் அபராதமும் சமூகப் பணியும் நன்னடத்தைக் கண்காணிப்பும்தான். கறுப்பினப் பெண்ணின் உயிருக்கு நீதிமன்றம் போட்ட விலையை அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் மறக்கவில்லை.

அவரும் அடிபட்டவர்தான். 1991 அக்டோபரில் ஓக்லாந்தில், சாலையைத் தவறான இடத்தில் கடந்தார் என்று சொல்லிக் காவலர்கள் அவரைப் பிடித்துத் தரையில் சாய்த்துத் தாக்கினார்கள். அவர் 1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். சொற்பத் தொகையில் சமரசம் ஆனது. 1992இல் துணை அதிபர் டான் குவேல், டூபாக்கின் முதல் தொகுப்பைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற வேண்டும் என்றார். தாயைச் சதிகாரி என்ற அதே அரசு, மகனின் பாட்டைச் சமூகத்துக்கு ஆகாதது என்றது.

அதே 1992இல், சிறையிலிருந்த முட்டுலுவின் துணையோடு தெருக் கும்பல்களுக்கான ஒரு நடத்தை விதிமுறை உருவானது. அதற்கு 'தக் லைஃப்' விதிகள் என்று பெயர். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போதைப்பொருள் விற்கக் கூடாது, பெண்கள் மீதான வல்லுறவு நிற்க வேண்டும் என்பவை அந்த விதிகளில் சில. டூபாக் வயிற்றில் பச்சை குத்தியிருந்தது அந்தச் சொற்களைத்தான். சிறுத்தைகள் விட்டுச்சென்ற வேலையைத் தெருவிலிருந்தே மீண்டும் தொடங்கும் முயற்சி அது.

மறைக்கக் கூடாத பக்கம்

1993 நவம்பரில் நியூயார்க் விடுதி ஒன்றில் டூபாக்கும் அவருடன் இருந்தவர்களும் தன்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாக ஓர் இளம்பெண் புகார் கொடுத்தார். டூபாக் மறுத்தார். 1994 டிசம்பர் 1 அன்று நீதிமன்றம் சில குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது, பாலியல் அத்துமீறல் குற்றத்தில் அவரைக் குற்றவாளி என்றது. ஒன்றரை முதல் நாலரை ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைத்தது.

இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போகும் பழக்கம் அவருடைய ரசிகர்களுக்கு உண்டு. நமக்கு அது கூடாது. அரசு அவரை வேட்டையாடியது உண்மை. அந்த உண்மையைக் காட்டி ஒரு பெண்ணின் புகாரைச் சதி என்று ஒதுக்கினால், பெண்களுக்காக அவர் எழுதிய பாடல்களுக்கே அது துரோகம். ஆதிக்கச் சாதி ஊடகங்கள் நம் மீது குற்றம் சுமத்தக் காத்திருக்கின்றன என்று சொல்லி நம் அமைப்புகளுக்குள்ளேயே பெண்களின் வாயை அடைத்தவர்கள் உண்டு. சிறுத்தைகள் கட்சிக்குள்ளும் பெண்கள் இந்தப் போராட்டத்தை நடத்தினார்கள். 'கீப் யா ஹெட் அப்' எழுதியவரும் அந்த வழக்கின் குற்றவாளியும் ஒரே ஆள்தான். இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

பிணையைக் கொடுத்தவர் யார்?

தீர்ப்புக்கு முந்தைய நாள், மன்ஹாட்டனில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் டூபாக் ஐந்து குண்டுகள் பாய்ந்து உயிர் தப்பினார். 1995 மார்ச்சில் அவருடைய 'மீ அகெய்ன்ஸ்ட் தி வேர்ல்ட்' தொகுப்பு அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாடியவர் அப்போது சிறையில் இருந்தார். தாயின் போதையையும் வறுமையையும் அன்பையும் ஒருசேரச் சொன்ன 'டியர் மாமா' அதில்தான் இருக்கிறது. 2010இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தப் பாடலைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது.

மேல்முறையீட்டுக் காலத்தில் வெளியே வர அவருக்கு 14 லட்சம் டாலர் பிணை தேவைப்பட்டது. டெத் ரோ இசை நிறுவனத்தின் தலைவர் சக் நைட் அதற்கு ஏற்பாடு செய்தார். பதிலுக்கு மூன்று தொகுப்புகளுக்கான ஒப்பந்தத்தில் டூபாக் கையெழுத்திட்டார். 1970இல் அஃபெனியின் பிணைக்குத் தேவாலயப் பெண்களும் ஆதரவாளர்களும் பணம் திரட்டினார்கள். 1995இல் அவருடைய மகனின் பிணையை ஒரு நிறுவனம் கட்டியது. இடைப்பட்ட 25 ஆண்டுகளில் ஒரு மக்கள் இயக்கம் அழிந்துபோனதன் பொருள் இதுதான். கூட்டமாக நின்று தன் பிள்ளைகளை மீட்கும் வலிமையைச் சமூகம் இழந்தது. அந்தக் காலி இடத்தில் முதலாளி வந்து உட்கார்ந்தார்.

முதலாளிக்கு விற்க வேண்டியது கோபம்தான். காவல்துறையின் மீதும் அரசின் மீதும் இருந்த கோபம், இன்னொரு கறுப்பினப் பாடகரான நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் மீது திரும்பியது. 1996 பிப்ரவரியில் வந்த 'ஆல் ஐஸ் ஆன் மீ' பெருவெற்றி பெற்றது. ஜூனில் எதிராளியையும் அவருடைய மனைவியையும் இழிவுபடுத்தும் பாடல் வந்தது. கிழக்குக் கடற்கரை, மேற்குக் கடற்கரை என்று பத்திரிகைகள் அந்தப் பகையை ஊதி வளர்த்தன. செப்டம்பர் 7 அன்று லாஸ் வேகாஸில், சக் நைட் ஓட்டிய காரில் இருந்த டூபாக் சுடப்பட்டு, 13ஆம் தேதி இறந்தார். ஆறு மாதத்தில் பி.ஐ.ஜி.யும் கொல்லப்பட்டார். டூபாக் கொலைவழக்கில் முதல் கைது நடக்கவே 27 ஆண்டுகள் ஆயின.

போதையிலிருந்து மீண்டிருந்த அஃபெனி மறுபடியும் நீதிமன்றப் படியேறினார். நிறுவனத்தோடு வழக்காடி, மகனின் வெளிவராத பாடல்களின் உரிமையை மீட்டார். இளையோருக்கான கலைப் பயிற்சிக்கு அறக்கட்டளை தொடங்கினார். 2016இல் இறந்தார்.

நமக்கு என்ன?

டூபாக் பிறந்து ஓராண்டு கழித்து, 1972இல், பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் தோழர்களும் தலித் சிறுத்தைகள் அமைப்பைத் தொடங்கினார்கள். ஓக்லாந்தின் பெயர்தான் அது. 1980களில் அந்தப் பெயர் மதுரைக்கும் வந்தது. நாம் 'சிறுத்தை' என்று சொல்லும்போதெல்லாம் அஃபெனியின் கட்சியையும் சேர்த்தே சொல்கிறோம். அந்த வகையில் டூபாக் நம் சொந்தக்காரர்.

இன்று நம் சேரிகளிலிருந்தும் காலனிகளிலிருந்தும் ராப் பாடுகிறவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். 2018இல் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் ராப்பும் பறையும் சேர்ந்து சாதியைப் பெயர் சொல்லிப் பேசின. அதைக் கேட்டு வளர்ந்த தம்பி தங்கைகளின் கையில் இப்போது மைக் இருக்கிறது. நிறுவனங்களும் ஒப்பந்தங்களோடு வரத் தொடங்கிவிட்டன.

அவர்களுடைய பாட்டைப் பகிர்வது நமக்குச் சுலபம். ஒரு பாட்டுக்காக வழக்கு வந்தால் வழக்கறிஞர் யார்? பிணைப்பணத்தைத் திரட்டுவது யார்? ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடாதே என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? அவர்கள் தவறு செய்தால் முகத்துக்கு நேரே கண்டித்து, பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் தோழர்கள் இருக்கிறார்களா? டூபாக்குக்குக் கோடிக்கணக்கான ரசிகர்கள் இருந்தார்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஓர் அமைப்பு அவருக்கு இல்லாமல் போனது, அரசு அதை முன்பே அழித்திருந்தது.

தோழர்களே, அவருடைய படத்தைப் பனியனில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே முட்டைக்கும் பாலுக்கும் நீதிமன்றத்தில் போராடிய அவருடைய தாயையும் நினைவில் வையுங்கள். பாடுகிற பிள்ளைக்கு முன்னால் கைதட்டுவதோடு, அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் அமைப்பையும் கட்டுவோம்.

ஜெய் பீம்.