சூனி ஊரின் வீவா: ஆட்டக்களமும் தலைநகர் மேடையும்

இன்றைய நியூ மெக்சிகோ மாநிலத்தின் மேற்கெல்லையை ஒட்டி, கல்லாலும் மண்ணாலும் அடுக்கடுக்காக எழுப்பிய வீடுகளைக் கொண்ட சூனி என்னும் தொல்குடி ஊரில் ஏறத்தாழ 1849இல் பிறந்த வீவா, நெசவாளராகவும் குயவராகவும் சடங்கு ஆட்டக்காரராகவும் தம் மக்களிடையே பெரும் மதிப்புடன் வாழ்ந்தவர். சூனி மக்கள் அவரை ‘லாமனா’ என்னும் வகையினராக அறிந்திருந்தனர். ஆணுடலோடு பிறந்து, பெண்களின் உடையை ஏற்று, பெண்களுக்குரிய பணிகளில் பெரும்பகுதியையும் ஆண்களுக்குரியவற்றுள் சிலவற்றையும் மேற்கொண்டு, இருபாலிலும் அடங்காத தனிநிலையில் வாழ்பவரே லாமனா. இது விழாநாளில் புனைந்து விடியலில் களையும் வேடமன்று. வாழ்நாள் முழுவதும் ஏற்கப்பட்ட நிலை. அந்த நிலைக்குச் சமூகத்திலும் சமயத்திலும் உரிய இடமும் பொறுப்பும் இருந்தன.

1853இல் பரவிய பெரியம்மையில் பெற்றோர் இருவரையும் இழந்த வீவாவைத் தந்தையின் சகோதரி எடுத்து வளர்த்தார். சூனியில் குலம் தாய்வழி வருவதால், அத்தை வீட்டில் வளர்ந்தபோதும் அவர் தாயின் குலத்தவராகவே கருதப்பட்டார். ஆண்பிள்ளைகளுக்குரிய முறைப்படி ‘கச்சினா’ சங்கத்தில் அவருக்கு நுழைவுச் சடங்கும் செய்விக்கப்பட்டது. மழையையும் விளைச்சலையும் அருளும் தெய்வ ஆவிகளே கச்சினாக்கள். அவற்றின் உருவேற்று ஆடும் உரிமை அச்சங்கத்தாருக்கு உண்டு. பிற்காலத்தில் லாமனாவாக வாழ்ந்தபோதும் இந்த உறுப்புரிமை அவரைவிட்டு நீங்கவில்லை. பிறந்த குழந்தையைப் பச்சை நிலையில் உள்ளதாகவும், சடங்குகளாலும் பயிற்சியாலும் அது படிப்படியாகப் பக்குவம் அடைவதாகவும் சூனி மக்கள் கருதினர் என்பதை 1991இல் வெளிவந்த தம் நூலில் விளக்கிய வில் ராஸ்கோ, ஆண்மையும் பெண்மையும்கூட அவ்வாறு பழகிப் பெறுபவையாகவே அங்கு எண்ணப்பட்டன என்று காட்டுகிறார். லாமனா என்னும் நிலை அச்சமூகத்துக்கு இடையூறாகத் தோன்றாததன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

இந்த நிலைக்குத் தெய்வக் கதையிலும் ஒரு முன்மாதிரி உண்டு. வேளாண்மை செய்த கச்சினாக்களுக்கும், போர்வீராங்கனை ஒருத்தியின் தலைமையில் வேட்டையாடி வாழ்ந்த கியானக்வே என்னும் எதிர்க்குலத்தாருக்கும் இடையே நடந்த போரில் சிறைப்பட்ட ஒரு கச்சினாவுக்கு, சிறைப்பிடித்தவர்கள் பெண்ணுடை அணிவித்தனர் என்பது அக்கதை. கோலாமனா எனப்படும் அந்தத் தெய்வம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் ஆட்டத்தில் களத்துக்கு வரும். தலைமுடியின் ஒரு பாதியைப் பெண்களைப்போல் சுருட்டிக் கட்டி, மறுபாதியை ஆண்களைப்போல் விட்டு, பெண்ணுடை உடுத்த அந்த உருவம் போர்வீரனின் வில்லையும் அம்பையும் தாங்கிவரும். வேட்டையும் உழவுமாகப் பகைத்து நின்ற இரு வாழ்முறைகளும் ஓருடலில் சந்திப்பதை ஊரார் அனைவரும் கண்டு வணங்கும் அந்த ஆட்டத்தில் கோலாமனாவாக ஆடியவர் வீவா.

தொழிலிலும் அவர் இவ்வாறே பல துறைகளில் கைதேர்ந்தவராக இருந்தார். 1881இல் ஆய்வாளர் ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங் எடுத்த குடிக்கணக்கில் உழவு, நெசவு, மட்பாண்டம், இல்லப்பணி ஆகிய நான்கும் அவருடைய தொழில்களாகப் பதிவாயின. 1879இல் அரசின் இனவியல் துறை அனுப்பிய குழுவோடு சூனிக்கு வந்த மட்டில்டா காக்ஸ் ஸ்டீவன்சன், வீவாவின் நெருங்கிய தோழியாகி, அவருடைய பானைகளையும் நெசவுகளையும் தேசிய அருங்காட்சியகத்துக்காகத் திரட்டினார். சூனியரில் கைத்தொழிலைப் பணத்துக்கு விற்கத் தொடங்கிய முதல் சிலருள் வீவாவும் ஒருவர். அருகிலிருந்த விங்கேட் கோட்டையின் படைவீரர்களுக்குத் துணி வெளுத்துக் கொடுத்தும் வெள்ளி நாணயங்கள் ஈட்டினார்.

1885இன் இறுதியில் ஸ்டீவன்சனும் அவருடைய கணவரும் வீவாவை வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்றனர். ஏறத்தாழ ஆறு மாதங்கள் அவர்களுடைய இல்லத்தில் தங்கிய அவர் தறி அமர்த்தி நெய்து காட்டினார், அருங்காட்சியக அறிஞர்களுக்குத் தம் மக்களின் வழக்கங்களை விளக்கினார், ஆங்கிலமும் கற்றார், நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவைத் தலைவர் ஜான் கார்லைலையும் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாண்டையும் சந்தித்தார். செய்தித்தாள்கள் அவரைச் சூனி இளவரசி என வருணித்தன. 1886 மே மாதத்தில் தேசிய நாடக அரங்கில் நகரத்துச் செல்வர் வீட்டுப் பெண்கள் பல நாட்டு நடனங்களை ஆடிக்காட்டிய ‘கிர்மெஸ்’ என்னும் கலைவிழாவில் வீவாவும் மேடையேற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் நீதிபதிகளும் தூதர்களும் நிறைந்திருந்த அவை கைதட்டி வரவேற்றது. மூன்றே ஆண்டுகளுக்கு முன்னர், 1883இல், தொல்குடியினரின் சடங்கு ஆட்டங்களைத் தண்டனைக்குரிய குற்றங்களாக அறிவித்த விதிகளை வகுத்ததும் அதே தலைநகரின் அரசுதான் என்பதை மறந்துவிட்டு அந்தக் கைதட்டலை மதிப்பிட முடியாது. அவையினர் கண்டது ஒரு பெண்ணை மட்டுமே. சூனியின் ஆட்டக்களத்தில் சிறுவரும் அறிந்திருந்த உண்மை அந்த அரங்கில் எவருக்கும் புலப்படவில்லை. ஆயினும் வீவாவை அவர்கள் வேடிக்கைப் பொருளாக்கினர் என்று மட்டும் முடிவுகட்டுவது அவருக்கு நீதியாகாது. கோடைத் திருப்பநாள் நெருங்கியபோது அந்த நகரத்திலும் தம் மரபுப்படி வேண்டுதல் கோல்களை நட்டு வழிபட்ட அவர், தம் மக்களின் சார்பில் வந்த தூதராகவே தம்மைக் கருதினார் என்று கொள்வதே பொருந்தும்.

குடியரசுத் தலைவரைச் சந்தித்த ஆறு ஆண்டுகளில் அதே அரசு அவரைச் சிறையில் அடைத்தது. 1892இல் ஊரின் உள்விவகாரத்தில் தலையிட வந்த படைவீரர்களை எதிர்த்தமைக்காக வீவா ஒரு மாதம் சிறையிருந்தார். ஊரிலேயே மிக உயரமும் வலிமையும் உடையவர் என்று ஸ்டீவன்சனால் குறிக்கப்பட்ட அவர், படைக்கு முன்னும் பின்வாங்காதவராக இருந்தார்.

1896 டிசம்பரில், குளிர்காலப் பெருவிழாவான ஷாலகோவில் தெய்வங்களைத் தம் இல்லத்துக்கு வரவேற்கும் பொறுப்பை ஏற்று அதற்காக இடைவிடாது உழைத்துக்கொண்டிருந்த வேளையில், வீவா இதயநோயால் இறந்தார். உடலுக்கு அவர் என்றும் உடுத்திய பெண்ணுடையையே அணிவித்தபோதும், அதனடியில் வெள்ளைக் காற்சட்டை ஒன்றையும் உடுத்தி, இடுகாட்டில் ஆண்களுக்குரிய பகுதியில் அடக்கம் செய்தனர். 1904இல் வெளியான தம் பெருநூலில் இந்நிகழ்வுகளை விரிவாகப் பதிந்த ஸ்டீவன்சன், உடல்பற்றிய உண்மையை அறிந்த பின்னரும் தோழியைப் பெண்பாலிலேயே குறிப்பிட்டார்.

லாமனா மரபு வீவாவோடு முடிந்துவிடவில்லை. எல்சி கிளூஸ் பார்சன்ஸ் 1916இல் வெளியிட்ட கட்டுரை, சூனியில் அப்போதும் லாமனாக்கள் வாழ்ந்ததைக் காட்டுகிறது. ஆயினும் பள்ளிகளும் சமயப் பரப்புநரும் அரசு அலுவலர்களும் கொணர்ந்த புதிய ஒழுக்க அளவுகோல் வட அமெரிக்கா முழுவதும் இத்தகையோரை ஒதுங்கி வாழச் செய்தது. 1990இல் கனடாவின் வினிபெக் நகரில் கூடிய தொல்குடிப் பால்புதுமையர், பல்வேறு குடிகளிலும் இருந்த இத்தகைய மரபுகளைச் சுட்டுவதற்கு ‘டூ-ஸ்பிரிட்’ என்னும் பொதுப்பெயரை ஏற்றனர். ஓருடலில் ஆண், பெண் என்னும் இரு ஆவிகள் உறைவதை அது குறிக்கிறது. இன்று ‘டிராக்’ எனப்படும் பாலினப் புனைவு மேடைக்கலையில் அப்பெயரோடு பலர் ஈடுபட்டுள்ளனர். 2020இல் கனடாவின் டிராக் தொலைக்காட்சிப் போட்டியில் பங்கேற்ற இலோனா வெர்லி, இங்லகாப்முக் என்னும் தொல்குடியைச் சேர்ந்தவர். கிரீ குடியினரான ஓவியர் கென்ட் மாங்க்மன், உயர்ந்த குதிகாலணியோடு தோன்றும் மிஸ் சீஃப் என்னும் பாத்திரத்தைத் தாமே ஏற்று நடித்தும், குடியேற்ற வரலாற்றை மறுத்து வரைந்த ஓவியங்களில் இடம்பெறச் செய்தும் வருகிறார். இவர்களுடைய கலை இரவு விடுதிகளிலும் தொலைக்காட்சியிலும் ஓவியக்கூடங்களிலும் உருப்பெற்றது. வீவாவுடைய ஆட்டமோ வழிபாட்டின் பகுதி. இரண்டையும் ஒன்றெனக் கொள்ள இயலாது. ஆனால் வாஷிங்டன் அரங்கில் வீவா யாரென்று அறியாமலே அவை கைதட்டியதற்கு மாறாக, இவர்கள் தாம் யார் என்பதைத் தம் வாயாலேயே அறிவித்துவிட்டு மேடையேறுகின்றனர்.