மனை போட்ட கடல்முனை

பாயிண்ட் லோபோஸ் போகிறவர்கள் முதலில் சைப்ரஸ் மரங்களைப் பார்க்கத்தான் நடக்கிறார்கள். நானும் அப்படித்தான். கலிபோர்னியாவில் கார்மல் ஊருக்குத் தெற்கே, பசிபிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனை அது. மான்டெரே சைப்ரஸ் உலகத்திலேயே இரண்டு இடங்களில்தான் தானாக வளர்கிறது. அதில் இது ஒன்று. பாதை ஒன்றரை கிலோமீட்டர்கூட வராது, முழங்கால் வலிக்காரர்களும் நிதானமாகப் போய்வரலாம். மனிதக் கையே படாத இடம் என்று தோன்றும்.

அந்த எண்ணம் வேலர்ஸ் கோவ் என்ற சிறு குடாவுக்கு இறங்கியதும் போய்விட்டது. அங்கே ஒரு மரக்குடிசை இருக்கிறது. 1850களில் சீன மீனவர்கள் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். அதன் தரைக்கு அடியில் முட்டுக்கொடுத்திருப்பது திமிங்கிலத்தின் முதுகெலும்புகள்! 1862 முதல் போர்ச்சுகீசியர்கள் இங்கே திமிங்கிலம் பிடித்து, கொழுப்பைக் காய்ச்சி விளக்கெண்ணெயாக்கினார்கள். (ஆமணக்கு எண்ணெய் அல்ல, விளக்கு எரிக்கும் எண்ணெய்!)

இதற்கெல்லாம் முன்பே ரோமத்துக்காகக் கடல் நீர்நாய்களைக் கொன்று தீர்த்திருந்தார்கள். நீர்நாய் போனதும், அது தின்னும் அபலோனி என்ற சங்கினம் பாறைகளில் பெருகியது. அதைத் தேடிச் சீனர்கள் வந்தார்கள், பிறகு ஜப்பானின் சிபா பகுதியிலிருந்து கொடானி கென்னோசுகே வந்தார். தண்ணீர் தாங்கமுடியாத குளிர், ஆகவே உலோகத் தலைக்கவசம் போட்ட முக்குளிப்பவர்களை வரவழைத்தார். நில உரிமையாளர் அலெக்சாண்டர் ஆலனோடு கூட்டாக அபலோனியை டப்பாவில் அடைக்கும் ஆலையும் நடந்தது.

என்னை நிறுத்திய விஷயம் வேறு. 1890களில் இந்த முனையை வீட்டுமனைகளாகப் பிரித்து விற்றிருக்கிறார்கள். நம்மூரில் ஏரிக்கரையில் கல் நட்டு மனை போடுவார்களே, அதேதான். 1898இல் இடத்தை வாங்கிய ஆலன், விற்றுப்போன மனைகளையும் பல வருஷமாக ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார். ஆலை நடத்தியவரும் அவரே, காப்பாற்றியவரும் அவரே. அவர் 1930இல் இறந்தார். 1933இல் மாநில அரசு வாங்கிக் காப்பகமாக்கியது. 1960இல் கரையோரக் கடலடியையும் சேர்த்தார்கள்.

அழிந்துவிட்டதாக நினைத்த நீர்நாய்கள் 1938இல் இதற்குத் தெற்கே ஒரு கூட்டமாகத் தென்பட்டன. நான் போன அன்று குடிசைக்கு எதிரே ஒன்று மல்லாந்து மிதந்தபடி, மார்பில் எதையோ வைத்து உடைத்துத் தின்றுகொண்டிருந்தது. அபலோனியா என்று கண்ணுக்குத் தெரியவில்லை.