சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர்

மலேசியாவில் எந்த ஊரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளையும் ஒருதடவையாவது இந்த மிரட்டலைக் கேட்டிருக்கும்: "ரொம்ப ஆட்டம் போட்டீன்னா தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டுபோய்ப் போட்டுருவேன்." எங்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது. நாங்கள் குடியிருந்ததே தஞ்சோங் ரம்புத்தானில்தான். ஊர் பெயரைச் சொன்னால் ஈப்போ பையன்கள், "டி.ஆரா? உள்ளயா, வெளியவா?" என்று கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்தப் பகடியை ஒருநாளும் சொல்லாதவர் அப்பா. ரோத்தானைக் கையில் எடுக்காதவரும் அவர்தான். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு ரோத்தான் தொங்கும். சீனன் கடையில் வாளிக்கும் துடைப்பத்துக்கும் பக்கத்தில் கட்டாகத் தொங்கவிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. அப்பா சாதுவானவர், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடங்களுக்கு முன்னால், ஓர் இறப்பு வீட்டிலிருந்து திரும்பி வந்த இரவில்தான் விஷயம் தெரிந்தது.

இறந்தவர் எங்களுக்குச் சொந்தமில்லை. தஞ்சோங் ரம்புத்தானுக்கும் சிம்மோருக்கும் நடுவில் அப்போது இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். தொண்ணூறு வயதைத் தாண்டிய கிழவி. அப்பா பெரிய மகனைப்போல் நின்று எல்லாம் செய்தார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, தேத்தண்ணியை எதிரில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

அப்பாவுக்கு அப்போது பத்து வயது. தாத்தா கள்ளுக்கடையிலிருந்து வந்தால் கையில் கிடைப்பதை எடுத்து அடிப்பார். பெல்ட், விறகு, ஒருதடவை பால்வெட்டும் கத்தியின் பிடி. ஒருநாள் அப்பாவின் இடது கை முறிந்தது. "மரத்திலேருந்து விழுந்துட்டான்" என்று தோட்டத்து டிரெஸ்ஸரிடம் பாட்டி சொன்னார். டிரெஸ்ஸர் கட்டுப் போட்டு அனுப்பினார். அன்று ராத்திரி பக்கத்து வீட்டு ஆயா வாசலில் வந்து நின்று, "பையன் இன்னைக்கு என் வீட்டுல படுக்கட்டும்" என்றாராம். சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. அந்த ஒரு ராத்திரி ஆறு வருடமாக நீண்டது. சம்பள நாள், தீபாவளி, தாத்தா குடித்த நாள் என்று எப்போதெல்லாம் பயமோ, அப்போதெல்லாம் அப்பா அந்த வீட்டில்தான் படுத்தார்.

"அவங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சது?"

"சத்தம் கேக்குமில்ல? லயத்து வீடுதான. பலகைச் சுவரு. மேல கூரை வரைக்கும்கூட போகாது."

அதற்குப் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். வேலை இயந்திரங்களோடு என்றாலும், ஒன்று பழுதானால் எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கிற புத்தி எனக்கு உண்டு. ஒரு தோட்டத்துப் பிள்ளையின் கை முறிந்தால், அதைக் கேட்க இந்த நாட்டில் யார் இருந்தார்கள்? இதுதான் என் கேள்வி.

மலாயாவில் குழந்தைப் பாதுகாப்பின் வரலாற்றைத் தேடினால் முதலில் வருவது சீனச் சிறுமிகள். சிறுவயதிலேயே கைமாற்றப்பட்டு வீட்டு வேலைக்கு வைக்கப்பட்ட அவர்களை 'மூய் சாய்' என்பார்கள். அவர்களைப் பற்றி பிரிட்டனில் எழுந்த கண்டனத்தால் 1936-இல் ஒரு விசாரணைக் குழு ஹாங்காங்குக்கும் மலாயாவுக்கும் வந்தது. குழுவில் இருந்த எடித் பிக்டன்-டர்பர்வில் என்ற பெண்மணி மற்ற இருவரோடும் ஒத்துப்போகாமல் தனி அறிக்கை எழுதினார். மூய் சாய்களை மட்டுமல்ல, கைமாற்றப்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் சட்டம் காக்கவேண்டும் என்பது அவர் கட்சி.

அதே காலத்தில் தமிழ்ப் பிள்ளை எந்த ஏட்டில் இருந்தது? தொழிலாளர் ஏட்டில். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்றது. நம்முடைய தோட்டப் பள்ளிகள் பலவற்றுக்கு வேர் அதுதான். ஆனால் அதே காலத்துக் கூலிப் பட்டியலையும் பார்க்கவேண்டும். 1920களின் கடைசியில் சில பகுதிகளுக்கு நிர்ணயித்த நாள்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு விகிதம் இருந்தது. எத்தனை வயதில் காட்டுக்குப் போகலாம், என்ன கூலி என்று அரசாங்கம் கேட்டது. வீட்டுக்குள் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

போருக்குப் பிறகு, 1946-இல் சமூகநலத் துறை வந்தது. அடுத்த ஆண்டே சிறார்களுக்கான சட்டமும் வந்தது. ஆனால் தோட்டம் என்பது கம்பெனியின் சொத்து. நலத்துறை அதிகாரி உள்ளே வரவேண்டும் என்றால் யாராவது சொல்லியாகவேண்டும். யார் சொல்வது? கிராணியிடம் சொன்னால் "குடும்ப விவகாரம்". துரைக்கு பெரட்டில் ஆள் குறையாமல் இருந்தால் போதும். புருஷனைக் காட்டிக்கொடுத்தால் பெண்ணுக்கு வீடு போகும், ஏனென்றால் வீடும் வேலையும் ஒன்றாகக் கட்டப்பட்டவை. கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. 1940களில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக எழுந்ததை வெறும் ஒழுக்கப் பிரசாரம் என்று இனி என்னால் படிக்கமுடியாது. கள்ளுக்கடை மூடினால் அன்று ராத்திரி எத்தனை பிள்ளைகள் அடிபடாமல் தூங்கும் என்று லயத்தில் இருந்தவர்களுக்குக் கணக்கு தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் தாத்தாவுக்கு வக்காலத்தாக எழுதவில்லை. அதே பெரட்டில் நின்று, அதே கள்ளைக் குடித்து, பிள்ளையைத் தொடாத ஆண்களும் அதே லயத்தில் இருந்தார்கள்.

மருத்துவ உலகமே இதற்குத் தாமதமாகத்தான் பெயர் வைத்தது. 1962-இல் அமெரிக்காவில் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும் 'அடிபட்ட குழந்தை நோய்க்குறி' என்ற கட்டுரையை வெளியிட்டார்கள். எலும்பு முறிவோடு வரும் குழந்தையைப் பார்த்தால், பெற்றோர் சொல்லும் கதையை அப்படியே நம்பாதீர்கள் என்பது அதன் சாரம். மலேசியாவில் 1985-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் இதற்கென்று தனிக் குழு அமைந்தது. 1990-இல் தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு சின்னஞ்சிறு ஆண் குழந்தை கொடுமைக்குள்ளாகி இறந்தது. அந்தச் சாவு நாட்டை உலுக்கியது. மறு ஆண்டு குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் 1991 நிறைவேறியது. அது பின்னர் வேறு இரண்டு சட்டங்களோடு சேர்ந்து சிறார் சட்டம் 2001 ஆனது. அந்தச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கொடுமையின் அடையாளம் தெரிந்தால் மருத்துவர் தகவல் கொடுத்தே ஆகவேண்டும், கொடுக்காவிட்டால் குற்றம். 28-ஆம் பிரிவு அதையே குடும்பத்தாருக்கும் சொல்கிறது. படித்தபோது அந்த டிரெஸ்ஸரும் "மரத்திலேருந்து விழுந்துட்டான்" என்ற பாட்டியும்தான் நினைவுக்கு வந்தார்கள். அப்பாவின் கை முறிந்து 35 வருடம் கழித்து வந்த பிரிவுகள் அவை.

அந்த 35 வருட இடைவெளியில் சட்டத்தின் இடத்தில் நின்றவர் ஆயா.

இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதல்ல. ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு இருக்கிறது. அதுவும் தோட்டத் தீவுதான், கரும்பு. ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த ஊர். 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளையும் எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் வறுமை, குடி, சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பலவற்றுக்கு நடுவே பிறந்தவர்கள். அவர்களிலும் மூன்றில் ஒருவர் திடமான, அன்பான மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள். அப்படி வளர்ந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, பெற்றோர் கைவிட்ட இடத்தில் இருந்த ஒரு பெரியவர். பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், யாரோ ஒருவர். அந்த அறிக்கைகளைப் பற்றிப் படித்தபோது சிம்மோர் பக்கத்து லயம் ஒன்றைப் படிப்பதுபோலத்தான் இருந்தது.

ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். மூன்றில் ஒருவர் எழுந்தார் என்றால் இரண்டு பேர் தடுமாறினார்கள். நம் கல்யாண வீடுகளில் ஒரு பேச்சு உண்டு: "நாங்கல்லாம் அடி வாங்கித்தான் ஆளானோம்." ஆனவர்கள்தானே கல்யாண வீட்டில் உட்கார்ந்து பேசுகிறார்கள்? ஆகாதவர்கள் அங்கே இல்லை.

எங்கள் குடும்பத்தில் ஆகாதவர் சித்தப்பா. அப்பாவுக்கு நான்கு வயது இளையவர். அப்பா ஆயா வீட்டுக்குப் போய்விட்ட பிறகு அடியெல்லாம் சித்தப்பாவின் பக்கம் திரும்பியது. பின்னர் அவரை வேறு தோட்டத்தில் ஓர் உறவினர் வீட்டில் விட்டார்கள். அங்கே ஆயா இல்லை. இருபத்து மூன்று வயதில் அவருக்கு மனநோய் வந்தது. அவருக்கு அந்த நோய் அடியால்தான் வந்தது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லமுடியாது. ஆனால் சிறுவயதில் பட்ட கொடுமை கூடக்கூட, பின்னாளில் மனச்சோர்வும் குடியும் தற்கொலை முயற்சியும் கூடுவதை அமெரிக்காவில் 1998-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது.

சித்தப்பா கடைசிவரை இருந்தது எங்கள் ஊர் மருத்துவமனையில். 1911-இல் மலாய் மாநிலங்களின் பைத்தியக்கார விடுதியாகத் தொடங்கி, 1971-இல் 'பகாகியா' என்று பெயர் மாறியது. மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். எங்களைக் கேலி செய்யப் பயன்பட்ட அந்த இடம்தான் அவருக்குச் சோறும் மருந்தும் படுக்கையும் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். "கூட்டாளியைப் பாக்கப் போறேன்" என்பார். அவர் அந்தப் பகடியைச் சொல்லாததற்குக் காரணம் அந்த இரவில்தான் எனக்குப் புரிந்தது.

"ஒரே கைதான்யா ரெண்டு பேரையும் அடிச்சது," என்றார் அப்பா. "நான் கெட்டிக்காரன்னு தப்பிக்கல. என் பக்கத்து வீட்டுல ஆள் இருந்துச்சு. அவனுக்கு இல்ல."

மீண்டெழுதல் பற்றி நான் படித்தவற்றில் இதைவிடச் சரியான வாக்கியத்தைப் பார்க்கவில்லை. நாம் அதை மனிதனுக்குள் இருக்கும் ஏதோ உறுதி என்று பேசுகிறோம். அப்படிப் பேசினால் சித்தப்பா தோற்றவர் ஆகிவிடுகிறார். அப்பாவும் முழுசாக மீண்டவரில்லை. யாராவது திடீரென்று கையை ஓங்கினால் இன்றைக்கும் தலையைக் குனிந்துகொள்வார். பால்மரத்தில் கத்தி ஆழமாகப் போய்விட்டால் பட்டை திரும்ப வளரும், ஆனால் முண்டும் முடிச்சுமாக வளரும் என்று அவரே சொல்லியிருக்கிறார். மரம் நிற்கும், அந்த இடத்தில் மறுபடி வெட்டமுடியாது.

இப்போது அந்த லயமும் இல்லை. தோட்டங்கள் துண்டுபோடப்பட்ட காலத்தில் அவற்றைக் காப்பாற்ற சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். ஆனாலும் அடுத்தடுத்த பத்தாண்டுகளில் ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. சனங்கள் பிளாட்டுகளுக்குப் போனார்கள். லயத்தை நினைத்து ஏங்குகிறவனில்லை நான். அதே பலகைச் சுவர் வழியாக எல்லாரும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்த ராத்திரிகள்தான் அதிகம். ஆனால் கேட்டது. பிளாட்டில் சுவர் சிமெண்டு, கதவு இரும்பு.

போன வருடம் நான் வாடகைக்கு இருந்த பிளாட்டில், மேல்மாடியில் ஒரு குழந்தை அழும். சாதாரண அழுகை இல்லை. நடுவில் சட்டென்று நின்றுபோகும் அழுகை. சிமெண்டைத் தாண்டியும் கேட்டது. இவ்வளவும் படித்த நான் என்ன செய்தேன்? இரண்டு வாரம் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டேன். நமக்கெதுக்கு வம்பு, தப்பாக இருந்தால் என்ன ஆவது, அந்த அம்மா என்ன நினைப்பார். கிராணி சொன்ன காரணங்கள்தான், வேறொன்றும் புதிதில்லை. மூன்றாவது வாரம் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் முழுசாகக் கேட்கவில்லை. "ரெண்டு வாரமாவா?" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே தாலியான் காசே எண் 15999-ஐ அழைத்தேன்.

ஆட்கள் வந்தார்கள், பேசினார்கள். பிறகு அந்தக் குடும்பம் வேறு எங்கோ மாறிப் போய்விட்டது. அந்தப் பிள்ளை பிழைத்ததா, அதற்குப் பக்கத்து வீட்டில் ஆள் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அந்த இரண்டு வாரமும் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது நான்தான்.