பொதிகளுக்கு யார் பொறுப்பு?

கடையில் வாங்கிய பொருளைப் பயன்படுத்திய பின்னர் வீட்டில் எஞ்சுவது பிளாஸ்டிக் போத்தலும் பொலித்தீன் உறையும் காட்போர்ட் பெட்டியுமே. அவற்றைச் சந்தைக்கு விட்ட நிறுவனம் இலாபத்துடன் ஒதுங்கிவிட, அகற்றும் செலவு வரியிறுப்பாளரின் பணத்தில் இயங்கும் உள்ளூராட்சி மன்றங்களின் தலையில் விழுகின்றது. இது நீதியான ஏற்பாடுதானா என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே 'விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' என்னும் கோட்பாடாகும். பொருளை உற்பத்தி செய்பவர் அதன் பயன்பாடு முடிந்த பின்னரும் பொறுப்பாளியாக இருத்தல் வேண்டும் என்ற இக்கருத்தை, சுவீடனைச் சேர்ந்த தோமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990 ஆம் ஆண்டில் முன்வைத்தார்.

இதனைப் பொதிகள் விடயத்தில் முதலில் பெரிய அளவில் சட்டமாக்கிய நாடு ஜேர்மனி. 1991 ஆம் ஆண்டின் பொதியிடல் கட்டளையைத் தொடர்ந்து, கட்டணம் செலுத்திய நிறுவனங்களின் பொதிகளில் 'பச்சைப் புள்ளி' இலச்சினை இடம்பெற்றது. மாநகரசபைகளின் குப்பைச் சேகரிப்புக்குப் புறம்பாக, நிறுவனங்களின் செலவில் இன்னொரு சேகரிப்பு முறையும் இயங்கத் தொடங்கியது. எனினும் மக்கள் எதிர்பார்த்ததற்கு மேலாகப் பொதிகளைச் சேகரித்துக் கொடுக்க, நிறுவனங்கள் பலவோ கட்டணத்தை முறையாகச் செலுத்தாது விட்டன. இதனால் 1993 இல் இம்முறை வங்குரோத்து நிலையின் விளிம்புக்கே சென்று மீண்டது. கட்டணம் செலுத்தாதோரைக் கண்காணிக்காத சட்டம் ஏட்டுச் சுரைக்காயே என்பது அன்றே உணரப்பட்டது.

எமது மக்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் அனுபவம் மேலும் கவனத்திற்குரியது. அங்குள்ள எமது உறவினர்கள் நன்கறிந்த 'நீலப் பெட்டி' மீள்சுழற்சித் திட்டம் 1981 இல் கிச்னர் நகரில் பரீட்சார்த்தமாக ஆரம்பமாகி மாகாணம் முழுவதும் பரவியது. 2002 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ், நகரசபைகளின் தேறிய செலவில் பாதியை உற்பத்தியாளர்கள் வழங்க வேண்டியதாயிற்று. ஆனால் எது நியாயமான செலவு என்பதில் இரு தரப்பும் முரண்பட்டன. நகரசபைகள் சிக்கனமாகச் செயற்படவில்லை என உற்பத்தியாளர்களும், பொதிகளின் வடிவமைப்பில் தமக்கு எவ்வித அதிகாரமும் இல்லை என நகரசபைகளும் வாதிட்டன. இப்பிணக்கு 2014 இல் நடுத்தீர்ப்பு வரை சென்றது. பணம் ஒருவரிடமும் நிர்வாகம் மற்றொருவரிடமும் இருந்தால் பிணக்கு ஓயாது என்பதற்கு இது சான்றாகும்.

இதனாலேயே 2021 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி முழுப் பொறுப்பையும் உற்பத்தியாளரிடம் ஒப்படைத்தது. 2023 ஜூலை மாதம் ஆரம்பமான கைமாற்றம் 2025 டிசம்பருடன் நிறைவுபெற்றது. இதனால் நகரசபைகளின் நிதிச்சுமை பெருமளவு குறைந்ததுடன், ஏற்றுக்கொள்ளப்படும் பொருட்களின் பட்டியலும் மாகாணம் முழுவதற்கும் பொதுவாயிற்று. மறுபுறம் புதிய சிக்கல்களும் தோன்றின. உற்பத்தியாளரின் கடமை பிரதானமாக வீடுகளையும் பாடசாலைகளையுமே சாரும். சிறு கடைகளும் வணக்கத்தலங்களும் அதில் அடங்கா. அவற்றிலிருந்து சேகரிப்பதாயின் அச்செலவை நகரசபையே ஏற்கவேண்டும், அல்லது அச்சேவையைக் கைவிடவேண்டும்.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2014 இல் வேறொரு வழியைக் கையாண்டது. ஒப்பந்த அடிப்படையில் கட்டணம் பெற்றுத் தாமே தொடர்ந்து சேகரிப்பதா, அல்லது உற்பத்தியாளர் அமைப்பிடமே பணியை விட்டுவிடுவதா என்னும் தெரிவு நகரசபைகளுக்கு வழங்கப்பட்டது. வன்கூவர் நகரம் 2016 இல் இரண்டாவது வழியைத் தெரிவுசெய்தது. அமெரிக்காவிலோ, வெளிநாட்டுக் கழிவுகளுக்குச் சீனா 2018 இல் கதவடைத்ததை அடுத்து மீள்சுழற்சிச் செலவைத் தாங்கமுடியாத பல நகரங்கள் தமது திட்டங்களைச் சுருக்கிக்கொண்டன. அந்நாட்டில் முதலாவதாக 2021 இல் இத்தகைய சட்டத்தை இயற்றிய மெய்ன் மாநிலம், சேகரிப்பை நகரங்களிடமே விட்டு, செலவை மாத்திரம் உற்பத்தியாளரின் நிதியிலிருந்து மீளளிக்கும் முறையைத் தெரிவுசெய்தது.

நிதி மாத்திரமே இச்சட்டங்களின் நோக்கமன்று. மீள்சுழற்சிக்கு இலகுவான பொதிக்குக் குறைந்த கட்டணமும், பல படைகள் ஒட்டிய உறைக்குக் கூடிய கட்டணமும் விதிக்கப்படுமாயின், நிறுவனம் பொதியின் வடிவமைப்பையே மாற்ற முன்வரும். தெருவில் குப்பை அள்ளும் மாநகரசபை ஊழியரால் ஒருபோதும் செய்யமுடியாத மாற்றம் அது. கட்டணத்தின் ஒரு பகுதியை நிறுவனங்கள் விலையில் சேர்த்து நுகர்வோரிடம் அறவிடக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் அப்பொதியை வாங்காதவரும் வரி மூலம் அதன் செலவைச் சுமக்கும் நிலையிலும் அது நியாயமானது.

2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தில், மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. இந்நாட்டில் கழிவகற்றல் மாநகர, நகர, பிரதேச சபைகளின் கடமையாகவே சட்டங்களில் விதிக்கப்பட்டுள்ளது. வருமானம் குறைந்த பிரதேச சபை ஒன்று, தான் தயாரிக்காத உறைகளுக்காகத் தனது சொற்ப நிதியைச் செலவிடுவது எந்த வகையிலும் முறையாகாது. உற்பத்தியாளரின் பங்கை வரையறுக்கும்போது மூன்று விடயங்கள் தெளிவாக இருத்தல் அவசியம்: செலவின் எத்தனை பங்கு யாருடையது, சேகரிப்பவர் யார், கட்டணம் செலுத்தாதவரைக் கண்டறிபவர் யார். ஜேர்மனியும் ஒன்ராறியோவும் பல ஆண்டுகள் இடர்ப்பட்டுக் கற்ற இப்பாடங்களை நாம் தொடக்கத்திலேயே கருத்திற் கொள்வது விவேகமானதாகும்.