தரவை தரிசு அன்று

மாடு மேயும் வெளியான தரவை என்றால் தரிசுதானே என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை. தரிசு திரிந்துதான் தரவை ஆயிற்று என்றால் சகரம் எங்கே போயிற்று?

தரவு என்ற சொல்லோடு முடிச்சுப் போடவும் ஆசை வரும். தொல்காப்பியச் செய்யுளியலில் வரும் கலிப்பா உறுப்பான தரவு வேறு, அதை விட்டுவிடலாம். தரப்பட்டதால் தரவை என்பதும் பொருந்தாது. தந்த நிலத்துக்குக் கல்வெட்டுகளில் தேவதானம், பிரமதேயம், பள்ளிச்சந்தம் என்று பெயர்கள் நிறையக் கிடக்கின்றன. தரவை ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்கிய நிலமன்று.

தரை என்பதே இதன் வேர் என்பேன். இலங்கையின் கிழக்கே தம்பிலுவில், திருக்கோவில் பக்கத்து மாட்டுப் பட்டிக்காரர் வாயில் 'மேய்ச்சல் தரை' என்றே வரும். மேய்ச்சல் தரிசு என்று எவரும் சொல்வதில்லை. யாழ்ப்பாணத் தீவகத்தில் மாடு மேயும் வெளி தரவை. கிரானுக்கு அப்பால் தரவை என்றே ஓர் இடம். கல்முனையில் தரவைப் பிள்ளையார் கோயில் கொண்டிருக்கிறார். தரிசுக்கு அளவுகோல் கலப்பை. தரவைக்கு அளவுகோல் குளம்பு.

முல்லைக்கலி படித்தவர்களுக்கு இன்னொரு சொல்லும் சுவைக்கும். மட்டக்களப்புத் தமிழில் 'முல்லைக்காரன்' என்பவன் வயல்வேலையாட்களின் தலைவன். முல்லை என்ற மேய்ச்சல் நிலத்தின் பெயர் எப்படியோ வயல்நிலமான மருதத்துக்குள் வந்து குடியேறியிருக்கிறது!

நிலமும் அப்படித்தான் கைமாறுகிறது. காடு, தரிசு, பயிரிடாத நிலம் யாவும் மறுத்து நிறுவும்வரை முடிக்குரியவை என்றது ஆங்கிலேயரின் 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். பயிரில்லை என்பதற்காகத் தரவையும் தரிசுக் கணக்கில் விழுந்தது. ஆனால் பெரும்போகத்துக்கு வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், விதைப்பு விழுந்துவிட்டால் மாடுகளை மேற்கே சாய்த்துக்கொண்டு போயாக வேண்டும். போக இடமில்லாவிட்டால் வேளாண்மையும் அழியும், பட்டியும் அழியும். வட்டமடு என்ற வெளியை மேய்ச்சலுக்கென்றே விட்டுவைக்கும்படி திருக்கோவில், ஆலையடிவேம்புப் பகுதிப் பட்டிக்காரர் ஆண்டுக்கணக்காகக் கேட்பது இதனால்தான். மயிலத்தமடு, மாதவனைத் தரைகளுக்காகச் சித்தாண்டியில் 2023 செப்டெம்பரில் பண்ணையாளர் வீதியோரம் போராட்டத்தில் அமர்ந்ததும் இதற்காகவே.

தரை, தரவை ஆயிற்று என்பது என் துணிபு. இதில் எனக்கு ஐயமில்லை. வட்டமடுவுக்குக் காணிப் பதிவு எழுதுகிறவர்கள் தரிசு என்று எழுதாமல் தரவை என்றே எழுத வேண்டும்.