ரெண்டாவது மாத்திரையை நிறுத்தலாமா?



"டாக்டர், ஒரு மாத்திரை போட்டதுமே ஒன்னுக்கு நல்லா போகுது. இன்னொன்னு எதுக்கு? நிறுத்திடவா?"

புராஸ்டேட் வீக்கத்துக்கு மருந்து எடுக்கும் பெரியவர்கள் பலர் கேட்பது இது. பதில் சொல்ல வரலாற்றுக்குள் போகணும்.

1970களின் நடுவில் ஜெருசலேமில் மார்கோ கெய்ன் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். புராஸ்டேட்டில் இருக்கும் தசை இறுகுவதாலும் சிறுநீர் அடைக்கிறது. அதைத் தளர்த்தினால் வழி விடும். இன்றைய டாம்சுலோசின் அந்த வழியில் வந்ததுதான். சில நாட்களிலேயே பலன் தெரியும். ஆனால் சுரப்பி சுருங்காது.

சுருக்கும் மருந்தின் கதை இன்னும் விசித்திரம். டொமினிகன் குடியரசில் சாலினாஸ் என்றொரு ஊர். அங்கே சில குழந்தைகள் பெண்ணாக வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான டிஹெச்டி ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களுக்குக் குறைவு என்று 1974ல் ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி குழு எழுதியது. அவர்களின் புராஸ்டேட் மிகச் சிறியதாகவே இருந்தது. அப்போ அந்த நொதியை மருந்தால் தடுத்தால்? அப்படி வந்ததுதான் ஃபினாஸ்டிரைடு. 1992ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தால்?

1996ல் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 1229 பேரிடம் நடந்த ஆய்வு, சேர்த்துக் கொடுப்பதால் கூடுதல் பலன் இல்லை என்றது. ஃபினாஸ்டிரைடு வெறும் போலி மாத்திரையைத் தாண்டவில்லை! கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த ஆய்வு ஓடியது ஒரே வருஷம்.

2003ல் வந்த இன்னொரு ஆய்வில் 3047 பேரைச் சராசரியாக நாலரை வருஷம் பின்தொடர்ந்தார்கள். நோய் முற்றும் வாய்ப்பு தசையைத் தளர்த்தும் மருந்தில் 39 சதவீதம், ஃபினாஸ்டிரைடில் 34 சதவீதம் குறைந்தது. ரெண்டும் சேர்ந்தபோது 66! முக்கியமா, தளர்த்தும் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு நாளடைவில் திடீர் அடைப்போ ஆபரேஷனோ வருவது குறையவில்லை. அதைக் குறைத்தது நீங்கள் நிறுத்த நினைக்கிற அந்த ரெண்டாவது மாத்திரைதான். சுரப்பி பெரிதாக உள்ளவர்களுக்கே அதை எழுதுகிறோம். பலன் தெரிய ஆறு மாசம்கூட ஆகும்.

கொல்லிமலையில் பெரக்கரை நாட்டுத் தாத்தா ஒருவருக்கு நடுராத்திரி சிறுநீர் மொத்தமாக அடைத்தால் என்ன ஆகும்? டியூப் போட கீழே போக வேண்டி வந்தால், காரவள்ளி பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. முட்டி நிற்கும் மூத்திரப்பையோடு ஒவ்வொரு வளைவும் நரகம்.

எனவே நீங்களாக நிறுத்தாதீர்கள். தலைசுற்றலோ தாம்பத்தியத்தில் குறையோ வந்தால் கூச்சப்படாமல் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கு. ஃபினாஸ்டிரைடு எடுப்பவருக்கு பிஎஸ்ஏ அளவு ஏறக்குறைய பாதியாகக் காட்டும், பரிசோதனையின்போது அதையும் சொல்லிவிடுங்கள்.

மழைக்காலத்தில் சளி பிடித்தால் கடையில் நீங்களே மாத்திரை வாங்காதீர்கள். மூக்கடைப்பு மாத்திரைகள் சில, கெய்ன் தளர்த்தச் சொன்ன அதே தசையை இறுக்கிவிடும்.