கைக்கு வராத பந்து

2022 ஜனவரி 24, திங்கட்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். நண்பன் ஒருவன் போன் செய்தான். பஃபலோவில் எம்.எஸ். படித்துவிட்டு ஊர் திரும்பியவன். குரலே சரியில்லை. வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நான் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தேன். "டேய், அவன் கைக்குப் பந்தே வரலடா" என்றான்.

அவன் என்றால் ஜோஷ் ஆலன். பஃபலோ பில்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். அமெரிக்கக் கணக்கில் ஞாயிறு இரவு, கேன்சஸ் சிட்டியில் ப்ளேஆஃப் ஆட்டம். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் மட்டும் இரு அணிகளும் சேர்ந்து 25 புள்ளிகள். ஆட்டம் முடியப் பதின்மூன்று நொடி இருக்கும்போது பில்ஸ் 36-33 என்று முன்னால். அந்தப் பதின்மூன்று நொடியில் சீஃப்ஸ் 44 யார்டு நகர்ந்து, ஒரு ஃபீல்டு கோல் அடித்து, 36-36 ஆக்கிவிட்டார்கள். ஓவர்டைம். நாணயத்தைச் சுண்டினார்கள். ஆலன் 'டெய்ல்ஸ்' என்றார், 'ஹெட்ஸ்' விழுந்தது. பந்து சீஃப்ஸுக்கு. பேட்ரிக் மஹோம்ஸ் எட்டே ஆட்டங்களில் 75 யார்டு கடந்து டச்டவுன் போட்டார். 42-36. முடிந்தது. அன்றைக்கு நான்கு டச்டவுன் பாஸ் வீசிய ஆலன், ஓவர்டைம் முழுக்க எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. முடியாவிட்டால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்டு கோல், மூன்று புள்ளி. நம் கிரிக்கெட்டில் சொன்னால், ஆட்டம் 'டை'. சூப்பர் ஓவர். டாஸ் ஜெயித்த அணி ஆடி நன்றாக அடித்துவிட்டது. "சரி, கோப்பை உங்களுக்கு" என்று சொல்லி எதிரணியைப் பேட் பிடிக்கவே விடாமல் வீட்டுக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? கல்யாண வீட்டில் இலையே போடாமல் திருப்பி அனுப்பியதுபோல. நண்பனின் கோபம் அதுதான். எனக்கும் அன்றைக்கு அது நியாயமாகவே பட்டது. அப்புறம்தான் இந்த விதியின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அவ்வளவு சுலபமாகக் கோபப்பட முடியவில்லை.

*

ஓவர்டைமின் புராணக்கதை 1958 டிசம்பர் 28ல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் தொடங்குகிறது. பால்டிமோர் கோல்ட்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும் மோதிய இறுதி ஆட்டம். 17-17. 'சடன் டெத்', அதாவது முதலில் யார் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. என்எஃப்எல் இறுதி ஆட்டம் ஒன்று இப்படி முடிவானது அதுவே முதல்முறை. தொலைக்காட்சியில் அமெரிக்காவே பார்த்தது. இந்த விளையாட்டைத் தேசத்தின் விளையாட்டாக மாற்றியதே அந்த மாலைதான் என்பார்கள். பலரும் மறந்துவிடும் ஒரு விஷயம்: டாஸ் ஜெயித்துப் பந்தை முதலில் வாங்கியது ஜயன்ட்ஸ். பத்து யார்டு தாண்ட முடியாமல் பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஜானி யுனைட்டஸ் எண்பது யார்டு நடத்திக்கொண்டு போனார். 23-17. ஆக, இந்த முறையைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன ஆட்டத்தில் நாணயம் தோற்ற அணிதான் ஜெயித்தது.

நான்கு வருடம் கழித்து நடந்தது இன்னும் வேடிக்கை. 1962 டிசம்பர் 23, ஹூஸ்டன். அப்போது என்எஃப்எல்லுக்குப் போட்டியாக இருந்த ஏஎஃப்எல்லின் இறுதி ஆட்டம். டாலஸ் டெக்ஸன்ஸும் ஹூஸ்டன் ஆயிலர்ஸும் 17-17. பலமான காற்று. டெக்ஸன்ஸ் பயிற்சியாளர் ஹாங்க் ஸ்ட்ராமுக்குப் பந்தைவிடக் காற்றுதான் முக்கியம். காற்று நம் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி பக்கத்தைத் தேர்ந்தெடு என்று கேப்டன் ஆப்னர் ஹேய்ன்ஸிடம் சொல்லி அனுப்பினார். ஹேய்ன்ஸ் டாஸ் ஜெயித்தார். நடுவரிடம், நாங்கள் உதைக்கிறோம், கடிகாரம் இருக்கும் பக்கமாக என்றார். விதிப்படி இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம். 'உதைக்கிறோம்' என்ற சொல் வாயைவிட்டு வந்ததுமே அவருடைய தேர்வு முடிந்துவிட்டது. பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆயிலர்ஸுக்குப் போனது. பந்தும் போச்சு, காற்றும் போச்சு. டாஸ் ஜெயித்து எல்லாவற்றையும் இழந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு இரண்டு டச்டவுன் போட்டவரும் அவரேதான், பாவம். ஆனாலும் டெக்ஸன்ஸ் இரண்டாவது ஓவர்டைமில் ஒரு ஃபீல்டு கோல் அடித்து 20-17 என்று ஜெயித்தது. அடுத்த வருடம் அந்த அணி ஊர் மாறியது, பெயரும் மாறியது. புதிய பெயர் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ்.

ஆம், அதே சீஃப்ஸ். இந்தக் கதையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இவர்கள்தான் நிற்கிறார்கள்.

*

1974ல் சடன் டெத் வழக்கமான சீசன் ஆட்டங்களுக்கும் வந்தது. முதல் இருபது ஆண்டுகளுக்குப் பெரிய புகார் இல்லை. டாஸ் ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் ஏறக்குறைய சரிபாதி ஜெயித்தார்கள். அப்புறம் விதியில் ஒரு எழுத்துகூட மாறாமலே அதன் நியாயம் மாறிப்போனது. எழுபதுகளில் பத்து ஃபீல்டு கோல் முயற்சியில் ஆறுதான் உள்ளே போகும். 2000களில் எட்டு. அதோடு 1994ல் ஆட்டத்தைத் தொடங்க உதைக்கும் இடத்தை ஐந்து யார்டு பின்னுக்குத் தள்ளினார்கள். பந்தை வாங்குபவன் முன்னைவிட நல்ல இடத்திலிருந்து தொடங்கினான். நாலு எட்டு முன்னேறினால் போதும், ஒரு உதை, ஆட்டம் காலி. 1994க்குப் பிறகு டாஸ் ஜெயித்த அணிகள் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது ஆட்டங்களில் ஜெயித்தன. மைதானம் அதே, நாணயம் அதே. உதைக்கிறவனின் கால் மட்டும் தேர்ந்துவிட்டது.

ஆனால் புள்ளிவிவரத்துக்காக யாரும் விதியை மாற்றவில்லை. ஒரு முகம் தேவைப்பட்டது. அது 2010 ஜனவரி 24ல் கிடைத்தது. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் டாஸ் ஜெயித்து, நாற்பது யார்டு ஃபீல்டு கோல் அடித்து, 31-28 என்று மினசோட்டா வைக்கிங்ஸை அனுப்பிவைத்தது. எதிரே ஓரமாக நின்றவர் பிரெட் ஃபேவ். வயது நாற்பது. (ஓவர்டைமுக்கு முன் ஜெயிக்கிற நிலையில் இருந்த ஆட்டத்தில் பந்தை எதிராளி கையில் வீசியதும் அவர்தான். அதை யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை.) அதுதான் அவருடைய கடைசி ப்ளேஆஃப் ஆட்டம்.

இரண்டே மாதத்தில் அணி உரிமையாளர்கள் கூடினார்கள். இனி ப்ளேஆஃபில் முதலில் பந்து பெறும் அணி வெறும் ஃபீல்டு கோல் அடித்தால் ஆட்டம் முடியாது, எதிரணிக்கும் ஒரு வாய்ப்பு உண்டு, டச்டவுன் என்றால் மட்டும் அங்கேயே முடிவு. 28-4 வாக்கில் நிறைவேறியது. எதிர்த்த நான்கு அணிகளில் ஒன்று மினசோட்டா, அடிபட்ட அணியே! இன்னொன்று பஃபலோ. இதைப் படித்தபோது நண்பனுக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை.

2012ல் இந்த விதி சீசன் ஆட்டங்களுக்கும் வந்தது. 2017ல் வீரர்களின் உடம்பைக் காரணம் காட்டி சீசன் ஓவர்டைமைப் பதினைந்து நிமிடத்திலிருந்து பத்தாகக் குறைத்தார்கள். அதே வருடம் பிப்ரவரியில் முதன்முறையாக ஒரு சூப்பர் பௌல் ஓவர்டைமுக்குப் போனது. 28-3 என்று முன்னணியில் இருந்த அட்லாண்டாவை நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் எட்டிப்பிடித்து, டாஸ் ஜெயித்து, முதல் வாய்ப்பிலேயே டச்டவுன் போட்டது. 34-28. அந்த சீசனின் மிகச்சிறந்த வீரர் மேட் ரயன் பந்தைத் தொடவில்லை. அவர் அதற்குப் பிறகு ஒரு சூப்பர் பௌலிலும் ஆடவில்லை.

அப்புறம் 2019 ஜனவரி 20. பேட்ரியாட்ஸ் மறுபடி டாஸ் ஜெயித்தது, மறுபடி முதல் வாய்ப்பிலேயே டச்டவுன், 37-31. இந்தத் தடவை பந்தே வராமல் நின்றவர் மஹோம்ஸ். ஆத்திரப்பட்ட சீஃப்ஸ் நிர்வாகம் அந்த ஆண்டே ஒரு திருத்தத்தை முன்வைத்தது: டச்டவுன் ஆனாலும் சரி, இரண்டு அணிக்கும் பந்து கொடுங்கள். உரிமையாளர்கள் அதை நிறைவேற்றவில்லை. நிறைவேற்றியிருந்தால் 2022ல் ஜோஷ் ஆலன் கைக்குப் பந்து வந்திருக்கும். அதாவது, பஃபலோவைக் காப்பாற்றியிருக்கக்கூடிய விதியை முதலில் கேட்டதே, அது இல்லாததால் பஃபலோவை வீழ்த்திய அணிதான்.

*

அந்த பஃபலோ ஆட்டத்துக்கு ஒரு வாரம் கழித்து, அதே மைதானத்தில், சீஃப்ஸும் சின்சினாட்டி பெங்கால்ஸும் மறுபடி ஓவர்டைமுக்குப் போனார்கள். டாஸ் மறுபடி சீஃப்ஸுக்கு. மைதானமே ஜெயித்துவிட்ட மாதிரி கத்தியது. மஹோம்ஸ் வீசிய பந்தை எதிரணிக்காரர் பிடித்தார். பெங்கால்ஸ் ஃபீல்டு கோல் அடித்து 27-24 என்று ஜெயித்தது.

பழைய விதியை ஆதரிப்பவர்கள் சுட்டிக்காட்டுவது இதைத்தான். தடுப்பதும் ஆட்டம்தானே? தடுப்பாட்டக்காரர்கள் பதினோரு பேரும் சம்பளம் வாங்குகிறவர்கள்தானே? நிறுத்தத் தெரியாதவன் நாணயத்தைத் திட்டலாமா? இது வலுவான வாதம் என்றே நினைக்கிறேன். 2012க்குப் பிந்தைய சீசன் ஆட்டங்களில் டாஸ் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதியாகவே இருந்தது. ஆனால் ப்ளேஆஃப் கணக்கு வேறு. 2010 விதி வந்தபின் நடந்த 12 ப்ளேஆஃப் ஓவர்டைம்களில் பத்தை டாஸ் ஜெயித்த அணியே வென்றது. அதில் ஏழு, முதல் வாய்ப்பு டச்டவுனோடு முடிந்தவை. ப்ளேஆஃபுக்கு வருவதெல்லாம் பெரிய குவார்ட்டர்பேக்குகள். கடைசி நேரத்தில் களைத்துப்போயிருப்பது தடுப்பவர்கள். பன்னிரண்டு ஆட்டம் சின்ன எண்ணிக்கைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருடம் முழுக்க உழைத்து ஒரே ஒரு ராத்திரிக்கு வந்து நிற்பவனிடம் 'நீண்டகாலச் சராசரி சரியாகத்தான் இருக்கிறது' என்று சொல்ல முடியுமா?

2022 மார்ச்சில் விதி மாறியது. ப்ளேஆஃபில் இனி என்ன ஆனாலும் இரு அணிக்கும் பந்து. 29-3. மினசோட்டா இந்த முறையும் எதிர்த்தே வாக்களித்தது. அந்தப் பிடிவாதத்தை எனக்குக் கொஞ்சம் பிடிக்கவே செய்கிறது.

புது விதிக்கு முதல் சோதனை 2024 பிப்ரவரி 11, லாஸ் வேகஸ் சூப்பர் பௌல். மறுபடி ஓவர்டைம், மறுபடி சீஃப்ஸ். டாஸ் ஜெயித்தது சான்ஃபிரான்சிஸ்கோ 49ers. பந்தை நாங்களே முதலில் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். ஃபீல்டு கோல் அடித்து 22-19. இப்போது மஹோம்ஸுக்கு எவ்வளவு வேண்டும் என்பது துல்லியமாகத் தெரியும். நான்காவது வாய்ப்பு, ஒரு யார்டு பாக்கி. சாதாரணமாக இருந்தால் யோசிப்பார்கள். இங்கே யோசிக்க எதுவும் இல்லை, எட்டாவிட்டால் தோல்வி. தானே ஓடி எட்டு யார்டு எடுத்தார். பிறகு டச்டவுன், 25-22. டாஸ் ஜெயித்திருந்தால் பந்தை எதிரணிக்கே கொடுத்திருப்போம், இரண்டு வாரமாக இதைப் பேசி வைத்திருந்தோம் என்று ஆட்டம் முடிந்ததும் சீஃப்ஸ் வீரர் சொன்னார். 49ers வீரர்கள் சிலரோ, விதி மாறியதே தங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

ஆக நாணயத்தின் செல்வாக்கு ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு முதல் பந்திக்கு மதிப்பு. இப்போது, முதல் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று பார்த்துவிட்டு உட்காருகிற இரண்டாம் பந்திக்கு மதிப்பு. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 1996லிருந்தே இரு அணிக்கும் மாறி மாறி வாய்ப்பு உண்டு. அங்கே டாஸ் ஜெயித்தவர்கள் பெரும்பாலும் முதலில் தடுக்கத்தான் விரும்புகிறார்கள், இதே காரணத்துக்காக.

என்னைக் கேட்டால் 2021ல் பால்டிமோர் ரேவன்ஸ் முன்வைத்து, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் விட்ட யோசனையைத்தான் எடுத்திருப்பேன். ஒரு அணி ஓவர்டைம் மைதானத்தில் எந்த யார்டிலிருந்து தொடங்கும் என்று சொல்ல வேண்டும். அந்த இடத்திலிருந்து பந்தை எடுத்து ஆடுவதா, தடுப்பதா என்பதை மற்ற அணி முடிவு செய்யும். எங்கள் வீட்டில் ஒரு மாம்பழம் இருந்தால் அம்மா கத்தியை அண்ணனிடம் கொடுப்பாள், எடுக்கும் உரிமையை என்னிடம் கொடுப்பாள். அண்ணன் நறுக்கிய கதுப்புகளை ஸ்கேல் வைத்து அளந்தாலும் வித்தியாசம் இருக்காது. இந்த முறையில் தொடக்க இடத்தை நேர்மையாகச் சொல்வது சொல்பவனுக்கே லாபம். டாஸ் ஜெயித்தாலும் தோற்றாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஏன் எடுபடவில்லை? விளக்கச் சிக்கலாக இருக்கிறது, தொலைக்காட்சிக்கு ஒத்துவராது என்று நினைத்திருக்கலாம். நாணயம் சுழல்வதைக் காட்டுவது சுலபம்.

2025 ஏப்ரலில் சீசன் ஆட்டங்களுக்கும் 'இருவருக்கும் பந்து' விதி வந்துவிட்டது, நேரம் மட்டும் அதே பத்து நிமிடம். அந்த செப்டம்பர் 28ல் டாலஸும் கிரீன் பேயும் ஓவர்டைமில் ஆளுக்கொரு ஃபீல்டு கோல் அடித்து, நேரம் தீர்ந்து, 40-40 என்று கைகுலுக்கிப் பிரிந்தன. மாம்பழ யோசனையை நண்பனிடம் ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டான். "அதெல்லாம் சரிடா," என்றான். "ஆனா அன்னைக்கு எங்க தடுப்பாட்டக்காரங்க அந்தப் பதிமூணு செகண்டை ஒழுங்கா ஆடியிருந்தா டாஸே போட்டிருக்க மாட்டாங்க."